பூக்கும்போதே பட்டுப்போன மரங்கள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களான ஜார்ஜியாவிலும் தெற்குக் கரோலினாவிலும் மார்ச் மாதம் வந்தால் பீச் தோப்புகள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். 1970-களில் அங்கிருந்த விவசாயிகள் அந்த மாதத்தை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் கடந்தார்கள். மொட்டு விரிந்து, இலை எட்டிப் பார்க்கும் நேரத்தில், வரிசையாக நின்ற மரங்கள் சட்டென்று வாடிப் பட்டுப்போகும். பட்டையைக் கத்தியால் சீவினால் உள்ளே பழுப்பேறியிருக்கும். புளித்த வாடை வீசும். மெல்ல மெல்ல இளைத்துச் சாகிற மரமாக இருந்தால் முன்கூட்டியே ஏதாவது அறிகுறி தெரியும். இங்கே அதுவும் கிடையாது. அதைவிட விசித்திரம், வேர் சாவதில்லை. மேலே மரம் காய்ந்து நிற்க, சில வாரம் கழித்து அடியிலிருந்து புதுக் குருத்துகள் கிளம்பிவரும்.

விவசாயியை உடைத்துப் போட்டது செத்த மரங்களின் வயது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயது. பீச் மரம் மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் காய்ப்புக்கு வருகிறது. உழவு, கன்று, கவாத்து, மருந்து, கூலி என்று அதுவரை கொட்டிய பணமெல்லாம் இனிமேல்தான் திரும்ப வரவேண்டும். அந்த நேரம் பார்த்து மரம் போய்விட்டால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு பலன் தரவேண்டிய தோப்பு வெறும் கடனாக நிற்கும். காரணம் பிடிபடாததால் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டதையே பெயராக வைத்தார்கள்: பீச் மரத்தின் குறுவாழ்வு நோய்.

பீச் அந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த பழம். பிறப்பிடம் சீனா. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள். பூர்வகுடி மக்கள் கொட்டையை உள்நாடெங்கும் பரப்பினார்கள். வணிகப் பயிராக அது எழுந்தது 1870-களில், மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ஃப் தன் மனைவியின் பெயரால் எல்பர்ட்டா ரகத்தை உருவாக்கிய பிறகு. தொலைதூரம் ரயிலில் அனுப்பினாலும் நசுங்காத பழம் அது. 1924-இல் ஜார்ஜியா தன் புதிய கவுண்டி (மாவட்டம்) ஒன்றுக்கு பீச் என்றே பெயர் சூட்டியது. 1928-இல் அந்த மாநிலத்தின் விளைச்சல் ஏறத்தாழ 80 லட்சம் புஷல் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்தை அது பிறகு எட்டவே இல்லை. இன்று பீச் மாநிலம் என்ற பட்டம் ஜார்ஜியாவிடம் இருந்தாலும், கலிஃபோர்னியாவுக்கு அடுத்தபடியாக அதிகம் விளைவிப்பது தெற்குக் கரோலினாதான். இந்தப் பெருமைக்கெல்லாம் அடியில், மிகக் குறைந்த கூலிக்குப் பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கிய கறுப்பினத் தொழிலாளர்களின் உழைப்பு இருந்தது. இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் வருபவர்கள் செய்கிறார்கள். தோப்பின் ஆரோக்கியம் என்று பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது என் கட்சி.

குறுவாழ்வு நோய்க்கு அன்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளிர்காலத்தின் கடைசியில் நாலு நாள் வெயிலடித்து, பிறகு திடீரென்று உறைபனி இறங்குவதால் பட்டை சேதமாகிறது என்றார்கள் சிலர். பட்டையில் புண் உண்டாக்கும் பாக்டீரியாவின் வேலை என்றார்கள் வேறு சிலர். இலையுதிர் காலத்திலேயே கவாத்து செய்த தோப்புகளில் சாவு அதிகம் என்பதை விவசாயிகளே கவனித்திருந்தார்கள். பழைய பீச் நிலத்திலேயே மறுபடியும் நட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதும் தெரிந்திருந்தது. மண்ணைச் சோதித்தவர்கள், மணற்பாங்கான நிலங்களில் வேரைச் சுற்றி வளைய நூற்புழுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத உயிர். வேருக்குள் நுழையாமல் வெளியில் இருந்தபடியே உறிஞ்சும்.

எல்லாருடைய கையிலும் ஆதாரம் இருந்தது. யாருடைய ஆதாரமும் தனியாக மரத்தின் சாவை விளக்கவில்லை. ஐம்பது ஆண்டுக் கதையின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். மரத்தைக் கொன்றது ஒரு கூட்டணி. நூற்புழு வேரை நாள்பட உறிஞ்சியதால் மரம் ஒழுங்காக உறங்கவும் முடியாமல், குளிரைத் தாங்கவும் முடியாமல் பலவீனப்பட்டது. அக்டோபரில் வெட்டிய கவாத்து அதை இன்னும் இளக்கியது. பிப்ரவரியின் உறைபனியோ, காத்திருந்த பாக்டீரியாவோ கடைசி அடியைக் கொடுத்தது. பயிர் நோயியலாளரும் நூற்புழு ஆய்வாளரும் தோட்டக்கலைக்காரரும் தத்தம் கட்டடத்தில் தனித்தனியே உட்கார்ந்திருந்தால் இந்தக் கூட்டணியைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

1970-களில் பல மாநில ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து பத்து அம்சத் திட்டம் ஒன்றை விவசாயிகள் கையில் கொடுத்தார்கள். நடுவதற்கு முன் மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இடுங்கள், ஆழ உழுங்கள், நூற்புழு இருந்தால் மண்ணுக்குப் புகை மருந்து கொடுங்கள், லவெல் வேர்ச்செடியில் ஒட்டிய கன்றையே நடுங்கள், கவாத்தை ஜனவரிக்கு முன் தொடாதீர்கள், வேரை அறுக்கும்படி ஆழமாகக் கொத்தாதீர்கள். இப்படிப் போகும் அந்தப் பட்டியல். அவற்றில் கவாத்து பற்றிய ஒரு வரி எத்தனை ஆயிரம் மரங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. ஆனால் கூலியாட்கள் கிடைக்கும் காலத்தில் வேலையை முடித்துவிட நினைக்கும் விவசாயிக்கு மூன்று மாதம் காத்திருப்பது எளிதல்ல.

வேர்ச்செடி விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். நாம் உண்ணும் பழ ரகம் மேலே. அது ஒட்டப்பட்டிருக்கும் வேர் வேறொரு ரகம். 1959-இல் வெளிவந்த நெமாகார்டு வேர், வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்த்து நின்றதால் பெரும் வரவேற்பைப் பெற்றது. கலிஃபோர்னியாவில் இன்றும் பரவலாக இருக்கிறது. தென்கிழக்கில் அதே வேர் குறுவாழ்வு நோய்க்கு எளிதில் பலியானது. ஒரு நூற்புழுவுக்கு அரணாக இருந்த வேர் வேறொரு நூற்புழுவிடம் தோற்றது. லவெல் அதைவிடத் தாக்குப் பிடித்தது, ஆனாலும் போதவில்லை.

மிச்சத்தையெல்லாம் மருந்து பார்த்துக்கொள்ளும் என்று அன்று நம்பினார்கள். டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியை நின்ற மரங்களைச் சுற்றியே மண்ணில் செலுத்தலாம். மரம் சாகாது, புழு சாகும். 1977-இல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்கள் தங்களுக்குக் குழந்தை பிறக்காததைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கினார்கள். பரிசோதனையில் பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ போயிருந்தது தெரியவந்தது. 1979-இல் ஹவாயின் அன்னாசித் தோட்டங்கள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அமெரிக்கா அந்த மருந்தைத் தடைசெய்தது. அடுத்து ஈடிபி என்ற புகை மருந்து 1983-இல் போனது. மெத்தில் புரோமைடு என்ற இன்னொரு புகை மருந்து ஓசோன் படலத்தை அரிப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2005-ஆம் ஆண்டோடு வளர்ந்த நாடுகளில் விலக்கப்பட்டது. சில விதிவிலக்குகள் மட்டும் கொஞ்ச காலம் நீடித்தன. மரத்தைக் காக்க மண்ணில் ஊற்றியது மனித உடம்பையும் வானத்தையும் போய்த் தாக்கியது. இந்த இழப்பை வெறும் கட்டுப்பாட்டுச் சட்டக் கதையாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆலைத் தொழிலாளர்கள் இழந்ததை எந்த அறுவடையும் ஈடுசெய்யாது.

மருந்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் வேறொரு வேலை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. ஜார்ஜியாவின் பைரன் ஊரில் மத்திய வேளாண் துறையின் பழ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்த நூற்புழு ஆய்வாளர் ஆண்ட்ரூ நைசெபிரும், தெற்குக் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பயிர் நோய்களை ஆராய்ந்த எல்டன் ஸேரும், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1983-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளைய நூற்புழுவே மரத்தைக் குறுவாழ்வுக்குத் தள்ளுகிறது என்று அது பரிசோதனை மூலம் காட்டியது. அதுவரை சந்தேகப் பட்டியலில் ஒன்றாக இருந்த நூற்புழு அதன் பிறகு முதல் குற்றவாளி ஆனது.

குற்றவாளி தெரிந்தாலும் அதைக் கொல்லும் மருந்து கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததால், கேள்வியே மாறியது. புழு இருக்கும் மண்ணிலேயே சாகாமல் நிற்கும் வேர் எது? பல்வேறு வேர் வகைகளை, மரங்கள் செத்துப் பேர்போன நிலங்களிலேயே நட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மரம் சாகும்வரை காத்திருப்பதுதான் அந்த ஆராய்ச்சி. வேறு குறுக்கு வழி கிடையாது. பைரன் நிலையத்தில் பிஒய்520-9 என்ற எண்ணோடு இருந்த வேர், லவெலும் நெமாகார்டும் வரிசையாகச் சாய்ந்த இடங்களில் நின்றது. 1993-இல் மத்திய வேளாண் துறையும் கிளெம்சன் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை கார்டியன் என்ற பெயரில் வெளியிட்டன. சில ஆண்டுகளில் தென்கிழக்கு முழுக்க அதுவே வழக்கமான வேராகிவிட்டது.

கார்டியன் வேரில் வளைய நூற்புழு பெருகுவது நிற்கவில்லை. புழு வருகிறது, உறிஞ்சுகிறது, முட்டையிடுகிறது. ஆனாலும் மரம் பிழைத்துக்கொள்கிறது. அழித்தொழிப்பதை விட்டுவிட்டு, தாங்கிக்கொண்டு வாழும் மரத்தைத் தேடிய அந்த மாற்றம்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான இடைவெளி என்று சொல்வேன். அதன் தொடர்ச்சியாக, தோப்பு போடுவதற்கு முன் நிலத்தில் கோதுமை விதைத்தால் வளைய நூற்புழுவின் எண்ணிக்கை குறைகிறது என்பதையும் நைசெபிர் குழுவினர் காட்டினார்கள். புகை மருந்து செய்த வேலையில் ஒரு பங்கை ஒரு தானியப் பயிர் செய்கிறது.

ஆனால் கார்டியன் காப்பாற்றிய மரங்கள் வேறொரு சாவுக்கு எஞ்சி நின்றன. குறுவாழ்வு நோய் பின்வாங்கியபோது, ஆர்மில்லேரியா என்னும் வேரழுகல் முன்னுக்கு வந்தது. இன்று தென்கிழக்கில் பீச் மரங்களை அகாலத்தில் கொல்வதில் அதற்கே முதலிடம். ஓக் காடுகளை அழித்துத் தோப்பாக்கிய நிலங்களில் இந்தப் பூஞ்சாணம் பழைய வேர்த்துண்டுகளுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். புது மரத்தின் வேர் அதன்மேல் பட்டதும் தாவி, மெல்ல ஏறி, மரம் தரையைத் தொடும் கழுத்தில் பட்டைக்கு அடியே வெள்ளை விசிறியாகப் படர்ந்து மரத்தை வளைத்துக் கொன்றுவிடும். இலையுதிர் காலத்தில் அடியில் தேன்நிறக் காளான் கொத்துகள் முளைக்கும். அப்போது தெரிந்து பயனில்லை. அதே மரத்தின் வேர்கள் அடுத்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அத்தனை ஆழத்துக்கு மெத்தில் புரோமைடுகூட ஒழுங்காக எட்டியதில்லை.

இந்தப் பூஞ்சாணத்தின் முன்னால் கிளெம்சனின் கைடோ ஷ்னாபெல் குழு முன்வைத்த வழி ஒரு மண்வெட்டிக் காரியம். கன்றை மேடான பாத்தியில் நட வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து மரத்தின் கழுத்தையும் மேல் வேர்களையும் சுற்றியுள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். அந்தப் பகுதி வெயிலும் காற்றும் படத் திறந்தே கிடக்கும். ஈரமும் இருட்டும் இல்லாத இடத்தில் பூஞ்சாணம் ஏறத் தயங்குகிறது. அடிவேர் சிலவற்றை அது தின்றாலும், கழுத்தை வளைக்க நாளாகிறது. மரம் கூடுதலாகச் சில ஆண்டுகள் காய்க்கிறது. தோப்புக்காரருக்கு லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவிலுள்ள ஆண்டுகள் அவையே. நோயை இந்த முறை குணப்படுத்துவதில்லை. குணப்படுத்தும் என்று அவர்களும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே தெற்குக் கரோலினா விவசாயிகள் அதை நம்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

நிலையான வழி மறுபடியும் வேர்தான். பைரன் நிலையமும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் பிளம்மையும் பீச்சையும் கலந்து எம்பி-29 என்ற வேரை 2010-களின் தொடக்கத்தில் கொடுத்தன. ஆர்மில்லேரியாவையும் அது தாங்குகிறது, வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்குகிறது. ஒரு சிக்கல் உண்டு: கார்டியனைப் போலக் கொட்டை போட்டு அதை முளைக்க வைக்க முடியாது. குச்சியிலிருந்தோ திசு வளர்ப்பிலோதான் பெருக்க வேண்டும். கன்றின் விலை ஏறுகிறது. மரமும் சற்றே குட்டையாக வளர்வதால் இடைவெளியையும் கவாத்தையும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. மிச்சிகனின் செர்ரித் தோப்புகளையும் கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புகளையும் வாட்டுவது இதே குடும்பத்துப் பூஞ்சாணங்கள். ஆகவே இன்று அந்த மாநிலங்களின் பல்கலைக்கழகங்களும் கிளெம்சனோடு சேர்ந்து அடுத்த வேர்களைத் தேடுகின்றன. அங்கே பீச் ஆராய்ச்சி, செர்ரி ஆராய்ச்சி என்ற வேலி கரைந்துவிட்டது.

கண்டுபிடித்தது தோப்புக்குப் போய்ச் சேரவும் ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையைப் போட்டவர்களில் இருவர் இந்த இரண்டு பீச் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பல்கலைக்கழக அறிவை விவசாயியின் வாசலுக்குக் கொண்டுபோக ஒவ்வொரு கவுண்டியிலும் விரிவாக்க அலுவலரை வைத்த 1914-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஸ்மித்–லெவர் சட்டம் என்று பெயர். ஹோக் ஸ்மித் ஜார்ஜியாவின் செனட்டர்; ஆஸ்பரி லெவர் தெற்குக் கரோலினாவின் பிரதிநிதி. இன்றைக்கு ஜார்ஜியா, கிளெம்சன், வடக்குக் கரோலினா மாநிலம், ஆபர்ன் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் உட்கார்ந்து ஒரே கையேட்டைத் திருத்தி எழுதுகிறார்கள். பூச்சிக்காரர் ஒரு பத்தி, நோயியலாளர் ஒரு பத்தி, உரம் பார்ப்பவர் ஒரு பத்தி. மாநில எல்லையின் இந்தப் பக்கம் ஒரு பரிந்துரை, அந்தப் பக்கம் வேறொன்று என்ற குழப்பம் விவசாயிக்குப் போனது. அதன் சாரத்தைக் கைப்பேசியில் பார்க்க மைஐபிஎம் என்ற செயலியும் வந்தது.

மருந்தடிப்பு முறையும் மாறியிருக்கிறது. அன்று நாள்காட்டி பார்த்து அடித்தார்கள். பழத்தை அழுக வைக்கும் பழுப்பு அழுகல் பூஞ்சாணம் பல மருந்துகளுக்குப் பழகிப்போனதும் அந்த முறை செல்லாமல் போயிற்று. இப்போது தோப்பிலிருந்து மாதிரி எடுத்து, அங்குள்ள பூஞ்சாணத்திடம் எந்த மருந்து இன்னும் எடுபடுகிறது என்று சோதித்துப் பிறகு அடிக்க முடிகிறது. தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சிக்கு, பெண்பூச்சியின் மணத்தைத் தோப்பெங்கும் பரப்பி ஆண்பூச்சியைத் திசைதிருப்பும் முறை வந்திருக்கிறது. கிளெம்சனும் ஃப்ளோரிடாவும் சேர்ந்து, ஜப்பானிலும் சீனாவிலும் செய்வதுபோல ஒவ்வொரு காய்க்கும் காகிதப் பை கட்டிப் பார்த்தன. பூச்சி, அழுகல் இரண்டும் குறைகின்றன. கைவேலை மட்டும் மிக அதிகம். தண்ணீரிலும் பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. மழை நிறைய பெய்யும் ஊரில் இளங்கன்றுக்குப் பாசனம் எதற்கு என்றிருந்தவர்களுக்கு, நட்ட நாளிலிருந்தே நீர் பாய்ச்சினால் மரம் பெரிதாகி முன்னதாகக் காய்க்கிறது என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கிரிஃபின் வளாகச் சோதனைகள் காட்டின.

பழைய பகை ஒன்று திரும்பியும் வந்திருக்கிறது. 1880-களில் மார்ஷல்வில் பக்கம் முதன்முதலாகக் கண்ட போனி பீச் நோய் மரத்தைக் கொல்லாது. இலைகள் கரும்பச்சையாய் அடர்ந்து மரம் பார்க்கச் செழிப்பாக இருக்கும். காய் மட்டும் சிறுத்துப்போகும். வைரஸ் என்று பல பத்தாண்டு நம்பினார்கள். மரத்தின் நீர்க்குழாயில் வாழும் ஸைலெல்லா என்ற பாக்டீரியா என்பது 1970-களில்தான் தெளிவானது. தத்துப்பூச்சிகள் பரப்புகின்றன. நோயுற்ற மரத்தை வெட்டுவது, சுற்றியுள்ள காட்டுப் பிளம் செடிகளை அழிப்பது என்ற அன்றைய வைத்தியத்தைத் தாண்டி இன்றும் அதிகம் நகரவில்லை. நடு ஜார்ஜியாவில் அது மறுபடி பரவுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே இப்போது குளிர்காலமே மாறிவிட்டது. பீச் மரம் குளிர்காலத்தில் போதிய மணிநேரம் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். பல ஜார்ஜியா ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே 700, 800 மணிநேரம் வேண்டும். 2017-இல் பெரும்பாலும் குளிர் பற்றாமல் ஜார்ஜியாவின் விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போனது. 2023-இல் இளஞ்சூடான குளிர்காலமும் அதன்பின் வந்த மார்ச் உறைபனியும் சேர்ந்து 90 சதவீதத்துக்கும் மேலாக அழித்தன. குறைந்த குளிர் போதுமான ரகங்களை நடலாமே என்று தோன்றும். ஃப்ளோரிடா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களும் மத்திய வேளாண் துறையும் கூட்டாக கல்ஃப்கிங், கல்ஃப்கிரெஸ்ட் போன்ற ரகங்களை வெளியிட்டே இருக்கின்றன. ஆனால் குறைவாக உறங்கும் மரம் சீக்கிரம் விழித்துப் பூக்கும். பூத்ததும் உறைபனியில் சிக்கும். தேவைப்படுவது குளிரும் கொஞ்சம் போதும், எழவும் அவசரப்படக்கூடாது என்றிருக்கும் மரம்.

அதைத் தேடும் வேலை இப்போது மரபணுவுக்குள் நடக்கிறது. 2013-இல் இத்தாலி, அமெரிக்கா உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பீச்சின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள், 27,852 மரபணுக்கள். அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்டது லவெல் வகை மரம். குறுவாழ்வு நோய்க் காலத்தில் பத்து அம்சத் திட்டம் சிபாரிசு செய்த அதே லவெல். அதற்கும் முன்பே, 2008-இல், கிளெம்சன் குழு ஒன்று மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு பீச் வகையை ஆராய்ந்திருந்தது. குளிர்காலம் வந்தாலும் அது உறங்காது. நுனிகள் வளர்ந்துகொண்டே இருக்கும். உறக்கத்தோடு தொடர்புடைய ஆறு மரபணுக்கள் ஒரே வரிசையில் இருக்கும் இடத்தில் அந்த மரத்துக்கு ஒரு பெருந்துண்டு காணாமல் போயிருந்தது. டாம் மரபணுக்கள் என்று இப்போது அழைக்கப்படும் அந்த ஆறில் சில மற்ற ரகங்களில் எப்போது அடங்குகின்றன, எந்த ரகத்தில் தாமதமாக அடங்குகின்றன என்பதைக் கொண்டு, பூக்கும் நாளைக் கன்றிலேயே கணிக்க முயல்கிறார்கள். மூன்று ஆண்டு வளர்த்துப் பூ பார்த்துக் கழிக்கவேண்டிய கன்றை இலை முளைத்த வாரத்திலேயே கழிக்க முடிந்தால், ரகம் உருவாக்குகிறவர் தன் பணிக்காலத்தில் கூடுதலாகச் சில தலைமுறை மரங்களைப் பார்க்கலாம்.